கோத் கணக்கில் வராத துப்பாக்கிகள்

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, சிப்பாய்கள் போர்முனையிலேயே கட்டிக்கொண்ட துப்பாக்கிகளைப் பற்றி ஒரு இதழ் முழுக்கப் பேசலாம் என்று போகிற போக்கில் சொல்லியிருந்தேன். கடிதங்கள் குவிந்துவிட்டன. நான் கோத்தில், அதாவது பட்டாளத்தில் ஆயுதங்களைப் பூட்டி வைக்கிற அறையில், ஆர்மரராகவே, அதாவது ஆயுதங்களைப் பழுதுபார்த்துப் பராமரிப்பவனாகவே, சர்வீஸை முடித்தவன். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு நம்பர், ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் ஒரு கையெழுத்து என்று வாழ்ந்தவன். எந்த லெட்ஜரிலும் ஏறாத துப்பாக்கிகள் மேல் எனக்கு மோகம் வந்ததற்கு அதுதான் காரணமோ என்னவோ. சரி, கடிதங்களுக்கு வருவோம்.

கேள்வி: சிப்பாய்கள் தாங்களே செய்துகொண்ட துப்பாக்கிகளில் உங்களுக்கு ரொம்பப் பிடித்தது எது? (வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் வாசகர், அறந்தாங்கி)

யோசிக்கவே வேண்டாம். அமெரிக்க மரீன் வீரர்கள் ‘ஸ்டிங்கர்’ என்று கூப்பிட்ட இயந்திரத் துப்பாக்கிதான்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் காலாட்படையிடம் .30 பிரவுனிங் இயந்திரத் துப்பாக்கி இருந்தது. நல்ல துப்பாக்கி, ஆனால் கனம். முக்காலியையும் சேர்த்தால் ஒருவர் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. நிமிடத்துக்கு நானூறு, ஐந்நூறு தோட்டா சுடும். இதே பிரவுனிங்கில் விமானத்துக்கென்று ஒரு மெலிந்த ரகமும் இருந்தது. பறக்கும்போது காற்று அடித்து பேரலைக் குளிர்வித்துவிடும் என்பதால் பேரலைக் கனமாகச் செய்ய வேண்டியதில்லை. எதிரி விமானம் குறியில் நிற்பது ஓரிரு நொடிதான் என்பதால் சுடும் வேகத்தையும் ஏற்றிவிட்டார்கள். நிமிடத்துக்கு 1,200-க்கு மேல்.

மெல் கிரெவிச் என்ற மரீன் சார்ஜென்ட்டும் அவருடைய கூட்டாளிகளும் இந்த விமானத் துப்பாக்கியை எடுத்து, எம்-1 கராண்ட் ரைபிளின் மரக்கட்டையை வெட்டிப் பின்னால் பொருத்தி, பி.ஏ.ஆர். துப்பாக்கியின் இரட்டைக் காலை முன்னால் மாட்டி, விசையும் அமைத்துவிட்டார்கள். மொத்தம் ஆறு செய்தார்கள். அதில் ஒன்று கார்ப்பரல் டோனி ஸ்டைன் கைக்குப் போனது. ஸ்டைன் ஓஹையோ மாநிலத்து டேட்டன் ஊர்க்காரர். பட்டாளத்துக்கு வருவதற்கு முன் டூல் மேக்கர். உங்கள் பட்டறைக்கு வந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் உங்களோடு ஒட்டிக்கொண்டிருப்பார்.

1945 பிப்ரவரி 19-ஆம் தேதி இவோ ஜிமா தீவில் இறங்கினார்கள். கரையெல்லாம் எரிமலைச் சாம்பல்; கால் புதையும். ஜப்பானியர்கள் கான்கிரீட் பதுங்கறைகளுக்குள் இருந்து சுடுகிறார்கள், எங்கிருந்து என்று தெரியவில்லை. ஸ்டைன் எழுந்து நின்றார். தன்னை நோக்கி வரும் குண்டை வைத்து எதிரி இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு பதுங்கறையாகத் தாக்கினார். இங்கேதான் ஆர்மரர் மனசு கணக்குப் போடுகிறது. நிமிடத்துக்கு 1,200 என்றால் நொடிக்கு 20. நூறு தோட்டா கொண்ட பெல்ட் ஐந்தே நொடியில் காலி! அதனால் தோட்டா எடுக்க அவர் கடற்கரைக்கு ஓட வேண்டியிருந்தது. வேகமாக ஓடுவதற்காக பூட்ஸையும் ஹெல்மெட்டையும் கழற்றி எறிந்துவிட்டார். எட்டு முறை ஓடினார். போகும்போது ஒவ்வொரு முறையும் காயம்பட்ட ஒருவரைக் கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். துப்பாக்கியை எதிரியின் குண்டு இரண்டு முறை கையிலிருந்து தட்டிவிட்டது. இரண்டு முறையும் எடுத்துக்கொண்டார். அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவ விருதான மெடல் ஆஃப் ஹானர் அவருக்குக் கிடைத்தது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை. மார்ச் 1-ஆம் தேதி அதே தீவில் சுடப்பட்டு இறந்துவிட்டார். வயது 23.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இப்படி ஒரு சாமானை யாராவது என் கோத்துக்குக் கொண்டுவந்திருந்தால் வாசலிலேயே நிறுத்தியிருப்பேன். தரையில் அந்த மெல்லிய பேரலுக்குக் காற்றும் கிடையாது, குளிர்ச்சியும் கிடையாது. கொஞ்ச நேரம் விடாமல் சுட்டாலே பழுத்துவிடும். ஆனாலும் எனக்கு அதுதான் பிடிக்கிறது, என்ன செய்ய?

கேள்வி: ஆளே இல்லாத பதுங்குகுழியில் துப்பாக்கி தானாகச் சுட்டுக்கொண்டிருந்ததாகப் படித்தேன். நம்பலாமா? (கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை)

தாராளமாக நம்பலாம். முதல் உலகப் போர், துருக்கியின் கலிப்போலி தீபகற்பம், 1915 டிசம்பர்.

ஏப்ரல் 25-ஆம் தேதி அங்கே இறங்கிய ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் எட்டு மாதமாக ஒரு மலைச்சரிவைத் தாண்டி நகர முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தன. கடைசியில், பின்வாங்குவது என்று லண்டனில் முடிவானது. இதில்தான் சிக்கல். துருக்கியர்களின் குழிகள் சில இடங்களில் கூப்பிடு தூரத்தைவிடக் கிட்டே இருந்தன. இந்தப் பக்கம் ஆள் குறைகிறது என்று தெரிந்தால் இறங்கி வந்து கடற்கரையிலேயே எல்லோரையும் முடித்துவிடுவார்கள்.

வில்லியம் ஸ்கர்ரி என்ற லான்ஸ் கார்ப்பரல், ஊரில் கட்டட மாதிரி உருவங்கள் செய்கிற கைவினைஞர். அவர் இரண்டு காலி மண்ணெண்ணெய் டின்களை எடுத்தார். மேல் டின்னில் தண்ணீர். கீழ் டின் காலி, அதிலிருந்து ஒரு கயிறு துப்பாக்கி விசைக்குப் போகிறது. கிளம்பும்போது மேல் டின்னின் அடியில் சின்ன ஓட்டைகள் போட்டுவிட்டால் போதும். தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கீழே சேரும். கனம் ஏறியதும் கயிறு இழுபடும், துப்பாக்கி வெடிக்கும். அதற்குள் ஆள் பாதி மலை இறங்கியிருப்பார். மெழுகுவர்த்தி எரிந்து கயிற்றை அறுத்துவிடுகிற மாதிரியும் சிலர் செய்து வைத்தார்கள்.

இந்த டின் மட்டுமே எல்லாரையும் காப்பாற்றிவிட்டதாகச் சிலர் எழுதுவார்கள், அது மிகை. நவம்பர் கடைசியிலேயே சில நாள் ஒரு குண்டும் சுடாமல் இருந்து பார்த்தார்கள். என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்க்க வந்த துருக்கியர்கள் சுடப்பட்டார்கள். அதனால் அந்தப் பக்கம் அமைதியாக இருந்தால் ஆள் இல்லை என்று அர்த்தமில்லை என்ற பாடம் துருக்கியர்களுக்கு ஏற்கெனவே ஏறியிருந்தது. கடைசி இரவில் கால்களில் சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். இதெல்லாம் சேர்ந்துதான் வேலை செய்தது. டிசம்பர் 20 விடியும்போது அன்சாக், சுவ்லா இரண்டு இடங்களிலிருந்தும் ஏறத்தாழ 80,000 பேர் கப்பலேறியிருந்தார்கள். சேதம் மிகச் சொற்பம்.

ஸ்கர்ரிக்குப் பதக்கமும் பதவி உயர்வும் கிடைத்தன. அடுத்த வருடம் பிரான்ஸில் எதிரியின் குண்டு ஃப்யூஸ் ஒன்றை ஆராயும்போது அது வெடித்து, ஒரு கண்ணையும் சுட்டுவிரலையும் இழந்தார்.

அதே கலிப்போலியில் இன்னொருவரும் இருந்தார், அவரை விட்டுவிட மனசில்லை. வில்லியம் பீச், அவரும் லான்ஸ் கார்ப்பரல்தான். ஊரில் கட்டட மேஸ்திரி. தலையைத் தூக்கினால் நெற்றியில் குண்டு என்ற நிலைமையில், 1915 மே மாதம், பலகைச் சட்டத்தில் இரண்டு கண்ணாடித் துண்டுகளைச் சரிவாகப் பொருத்தி, அதைத் துப்பாக்கியின் கட்டையோடு சேர்த்துக் கட்டினார். துப்பாக்கி மேலே மணல் மூட்டை மீது இருக்கும். ஆள் கீழே உட்கார்ந்து கண்ணாடியில் குறி பார்த்து, கயிற்றால் விசையை இழுப்பார். அதைப் பார்த்த மேஜர் பிளேமி உடனே தலைமையகத்துக்குச் சொல்ல, கடற்கரையிலேயே ஒரு பட்டறை வைத்துச் செய்து தள்ள ஆரம்பித்தார்கள். இந்தப் பிளேமிதான் பின்னாளில் ஆஸ்திரேலியாவின் ஃபீல்டு மார்ஷல் ஆனவர். ஒரு கார்ப்பரல் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்ட மேஜர் என்பதாலேயே எனக்கு அவர்மேல் மரியாதை.

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போரில் துப்பாக்கிக் கட்டையிலேயே காபிக்கொட்டை அரைக்கும் இயந்திரம் வைத்திருந்தார்களாமே? (காபித்தூள் கடைக்காரர், கும்பகோணம்)

நீங்கள் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்! இப்படி ஒரு துப்பாக்கி இருந்தது நிஜம். ஷார்ப்ஸ் குதிரைப்படைக் கார்பைன், அதாவது குட்டை ரைபிள், அதன் கட்டைக்குள் ஒரு அரவை, பக்கத்தில் கழற்றி மாட்டுகிற கைப்பிடி. படைக்கு ஒன்று கொடுத்தால் எல்லோருக்கும் காபித்தூள் என்றுதான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிப்பாய்களுக்குக் காபி மேல் உயிர் என்பதும் பொய்யில்லை. வடக்குப் படையில் காபிக்கொட்டை ரேஷனிலேயே வந்தது.

ஆனால் பின்னால் ஆட்கள் அந்த அரவையில் கொட்டையைப் போட்டுப் பார்த்தபோது காபிக்கு அது சரிப்படவில்லை. சோளம், தானியம் உடைப்பதற்காக வைத்தது என்பதே இன்றைக்கு ஆராய்ச்சியாளர்கள் பலர் சொல்லும் பதில். உண்மையானவை மிகச் சில. சேகரிப்பாளர்களிடம் விலை எகிறுகிறது என்பதால், பிற்காலத்தில் அரவையை ஒட்டவைத்த போலிகளும் உலவுகின்றன. கும்பகோணத்துக்காரருக்கு ஏமாற்றமான பதில்தான், மன்னிக்க வேண்டும்.

காபி போனால் போகட்டும், அதே போரில் ஒரு டாக்டர் செய்த துப்பாக்கி உண்டு. நியூ ஆர்லியன்ஸில் இருந்த பிரெஞ்சுக்காரர் ழான் அலெக்ஸாண்டர் லெமா. அவருடைய ரிவால்வரில் ஆறுக்குப் பதில் ஒன்பது தோட்டா. அந்தச் சிலிண்டர் சுழல்கிற அச்சே இன்னொரு குழல், அதில் சின்னச் சின்ன ரவைகள். ஒன்பதும் தீர்ந்த பிறகு எதிரி கிட்டே வந்தால் அதைச் சுடலாம். தெற்குப் படையின் புகழ்பெற்ற குதிரைப்படைத் தளபதி ஜெப் ஸ்டூவர்ட் இதை வைத்திருந்தார்.

கேள்வி: வளைந்த பேரலில் குண்டு வளைந்து போகுமா? (பத்தாம் வகுப்பு மாணவன், தருமபுரி)

போகும் தம்பி, சந்தோஷமாகப் போகாது. ஜெர்மானியர்கள் எஸ்.டி.ஜி. 44 துப்பாக்கியின் முனையில் மாட்டுவதற்கு 30 டிகிரி வளைந்த ஒரு குழலைச் செய்தார்கள். கூடவே ஒரு பெரிஸ்கோப். தெருமுனையில் தலையை நீட்டாமல் சுடலாம். டாங்குக்குள் இருந்துகொண்டே மேலே ஏற வருபவர்களைச் சுடலாம். வளைவில் அழுத்தம் தாங்காது என்பதால் குழலில் வாயு வெளியேற ஓட்டைகள் வைத்தார்கள். அப்படியும் குண்டு பல நேரம் உள்ளேயே உடைந்து துண்டு துண்டாக வெளியே வந்தது. 30 டிகிரிக் குழல் ஏறக்குறைய 300 குண்டோடு சரி, 45 டிகிரி அதில் பாதிதான். நல்ல பொறியாளர்களின் நேரமும் நல்ல இரும்பும் வீண். கலிப்போலியில் மேஸ்திரி பீச் இதே கஷ்டத்துக்கு இரண்டு கண்ணாடித் துண்டில் வழி கண்டுபிடித்தார் என்பதை மேலே படித்திருப்பாய்.

கேள்வி: ஒரு கைத்துப்பாக்கியைச் செய்கிற நேரம் அதற்குத் தோட்டா போடுகிற நேரத்தைவிடக் குறைவு என்று நண்பர் பந்தயம் கட்டுகிறார். (பேருந்து நடத்துநர், விழுப்புரம்)

பணத்தைக் கொடுத்துவிடுங்கள், நண்பர் சொல்வது சரி. அது எஃப்.பி. 45 லிபரேட்டர்.

1942-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் கார் விளக்குகள் செய்கிற ‘கைடு லாம்ப்’ பிரிவு, இண்டியானாவின் ஆண்டர்சன் ஊரில், பதினொரு வாரத்தில் பத்து லட்சம் துப்பாக்கிகளைத் தகட்டில் அடித்துத் தள்ளியது. இரவு பகல் எல்லாம் கணக்கில் எடுத்து வகுத்துப் பாருங்கள், ஒன்றுக்கு ஏழு நொடிகூட வராது. விலை இரண்டு டாலர் சொச்சம். ஒரே ஒரு .45 தோட்டாதான் போடலாம். சுட்ட பிறகு காலித் தோட்டாவை வெளியே தள்ள ஒரு மரக்குச்சி கொடுத்திருந்தார்கள். குச்சியால் தள்ளி, அடுத்ததைப் போட்டு, மூடித் தயாராவதற்குள் பத்து நொடி போய்விடும். குண்டைச் சுழலவைத்து நேராக அனுப்புகிற மரை பேரலுக்குள் கிடையாது, வெறும் குழாய். சில அடிக்கு அப்பால் குறி தப்பிவிடும்.

மெழுகு பூசிய அட்டைப்பெட்டியில் துப்பாக்கி, பத்துத் தோட்டா, மரக்குச்சி, எந்த மொழிக்காரருக்கும் புரிகிற மாதிரி எழுத்தே இல்லாத படக்கதைத் தாள். ஆக்கிரமிக்கப்பட்ட நாடுகளில் விமானத்திலிருந்து போட்டுவிடுவது திட்டம். மறைந்திருந்து ஒரு எதிரிச் சிப்பாயைச் சுட வேண்டும், அவனுடைய நல்ல துப்பாக்கியை எடுத்துக்கொண்டு இதைத் தூக்கி எறிய வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. யாரோ ஒரு அதிகாரி மேஜையில் உட்கார்ந்து யோசித்தது என்பது பார்த்தாலே தெரிகிறது. அந்த ஒரு தோட்டா குறி தப்பினால் கிராமத்துக்காரரின் கதி என்ன? ஐரோப்பாவில் இருந்த தளபதிகள் ஆர்வம் காட்டவில்லை. சீனாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் கொஞ்சம் போனது. மிச்சமெல்லாம் பெரும்பாலும் பழைய இரும்பாக உருகியது. தப்பித்தவை இன்று ஏலத்தில் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகின்றன.

கேள்வி: ஸ்டென் கன்னை ஏன் எல்லோரும் திட்டுகிறார்கள்? போலந்தில் ரகசியமாகச் செய்தார்கள் என்பதும் அதுதானா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், மன்னார்குடி)

திட்டுவதற்குக் காரணம் மேகசின், அதாவது தோட்டாக்களை அடுக்கி மாட்டுகிற பெட்டி. இரண்டு வரிசையாக ஏறுகிற தோட்டாக்கள் வாய்ப்பகுதியில் ஒரே வரிசையாக வந்து சேர வேண்டும். அந்த உதடு கொஞ்சம் நெளிந்தாலும், கொஞ்சம் அழுக்கு சேர்ந்தாலும் சிக்கிக்கொள்ளும். 32 தோட்டாவுக்கான மேகசினில் விவரம் தெரிந்தவர்கள் இரண்டு மூன்றைக் குறைத்தே போட்டார்கள். கீழே போட்டால் தானாக வெடிக்கும் என்ற கெட்ட பெயரும் உண்டு, அதுவும் நியாயமான பெயர்தான்.

ஆனால் 1940-ஐ நினைத்துப் பாருங்கள். டன்கிர்க்கில் ஆயுதங்களை எல்லாம் விட்டுவிட்டு பிரிட்டிஷ் படை ஊர் திரும்பியிருக்கிறது. அமெரிக்கத் தாம்ஸன் வாங்கலாம் என்றால் ஒன்று 200 டாலர் வரை. ஸ்டென் சுமார் பத்து டாலரில் முடிந்தது. குழாய், தகடு, ஸ்பிரிங், கொஞ்சம் வெல்டிங். சைக்கிளும் பொம்மையும் செய்த கம்பெனிகள்கூட உதிரிபாகம் செய்து கொடுக்கலாம். போர் முடிவதற்குள் ஏறத்தாழ நாற்பது லட்சம் செய்துவிட்டார்கள்.

1942 மே 27-ஆம் தேதி பிராகில் நாஜி அதிகாரி ஹைட்ரிக்கின் கார் திருப்பத்தில் வேகத்தைக் குறைத்தபோது காப்சிக் என்ற செக்கோஸ்லோவாக்கியச் சிப்பாய் எதிரே குதித்து ஸ்டென்னை நீட்டி விசையை இழுத்தார். துப்பாக்கி சுடவில்லை. பக்கத்தில் இருந்த குபிஷ் குண்டை எறிந்ததால்தான் காரியம் முடிந்தது. ஹைட்ரிக் ஜூன் 4-ஆம் தேதி இறந்தார். ஒரு ஆர்மரராக அந்த ஒரு நொடியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

போலந்துக்காரர்கள் ஸ்டென்னையும் ரகசியமாகச் செய்தார்கள். நீங்கள் கேட்பது ‘பிலிஸ்காவிட்சா’வாக இருக்க வேண்டும். ஸாவ்ரோட்னி, வியெலானியெர் என்ற இரண்டு பொறியாளர்கள் ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த வார்சாவில் வடிவமைத்தது. உள்வேலை ஸ்டென் மாதிரி, வெளித்தோற்றம் ஜெர்மன் எம்.பி. 40 மாதிரி. இதில் எனக்குப் பிடித்தது வெல்டிங்கைக் கூடியமட்டும் தவிர்த்து மரையும் திருகாணியுமாகச் சேர்த்த புத்தி. சாதாரண லேத் இருந்தால் போதும். ஒரு பாகத்தை ஒரு பட்டறை, இன்னொன்றை இன்னொரு பட்டறை என்று பிரித்துக் கொடுக்கலாம். எவனாவது சோதனை போட்டாலும் கையில் கிடைப்பது ஒரு இரும்புத் துண்டுதான். இப்படியே சுமார் 700 துப்பாக்கி செய்து, 1944 ஆகஸ்டில் வெடித்த வார்சா எழுச்சியில் பயன்படுத்தினார்கள்.

கேள்வி: ஐ.டி.ஐ. ஃபிட்டர் படிக்கிறேன். தனியாக ஒரு ஆள் வீட்டில் செய்த துப்பாக்கி ராணுவத்தில் ஏறியிருக்கிறதா? (மாணவர், நாகப்பட்டினம்)

ஏறியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் வுல்லன்காங் ஊரில் எவலின் ஓவன் என்று ஒரு இளைஞர். முப்பதுகளின் கடைசியில் .22 தோட்டாவுக்கு ஒரு தானியங்கித் துப்பாக்கியை வீட்டில் தானே செய்து, சிட்னியில் ராணுவ அதிகாரிகளிடம் காட்டினார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். போர் வந்ததும் அவரே சிப்பாயாகச் சேர்ந்தார். கிளம்பும்போது அந்தத் துப்பாக்கியை ஒரு சாக்குப் பையில் போட்டுச் சுவரோரம் விட்டுவிட்டுப் போனார். பக்கத்து வீட்டுக்காரர் வின்சென்ட் வார்டெல் அதைப் பார்த்தார். அவர் லைசாட் இரும்பு ஆலையின் மேலாளர் என்பதுதான் இந்தக் கதையின் அதிர்ஷ்டம்.

1941-இல் தாம்ஸன், ஸ்டென், ஓவன் மூன்றையும் சேற்றிலும் மணலிலும் போட்டு எடுத்துச் சுட்டுப் பார்த்தார்கள். நின்று விளையாடியது ஓவன்தான். காரணம் எளிமையானது. அதன் மேகசின் துப்பாக்கியின் தலைமேல் நிற்கும். தோட்டா தானாகக் கீழே இறங்கும், உள்ளே புகுந்த மண்ணும் காலித் தோட்டாவும் அடிவழியாக வெளியே விழுந்துவிடும். பார்க்க லட்சணமாக இருக்காது, குறி பார்க்கும் முனையைக்கூட ஓரமாக ஒதுக்கித்தான் வைக்க வேண்டியிருந்தது. நியூ கினிக் காட்டில் மழையிலும் சேற்றிலும் கிடந்த சிப்பாய்க்கு லட்சணம் எதற்கு? சுமார் 45,000 செய்தார்கள். 1949-இல் 33 வயதிலேயே ஓவன் இறந்துபோனார்.

கேள்வி: சத்தம் வராத துப்பாக்கி சினிமாவில் மட்டும்தானே? (இல்லத்தரசி, பெரியகுளம்)

கிட்டத்தட்டச் சத்தமே வராத ஒன்று இருந்தது. பிரிட்டனின் டி லைல் கார்பைன். லீ என்ஃபீல்டு ரைபிளின் உடம்பு, தாம்ஸனின் .45 பேரல், கோல்ட் பிஸ்டலின் மேகசின், மேலே தடித்த சைலன்ஸர். .45 குண்டு ஒலியைவிட மெதுவாகப் போவதால் காற்றைக் கிழிக்கிற அந்த ‘படீர்’ இல்லை. அடுத்த தோட்டாவுக்கு போல்ட்டை இழுக்கிற சத்தம்தான் அதில் பெரிய சத்தம். நூற்றுச் சொச்சம்தான் செய்தார்கள், சில பர்மா காட்டுக்கும் வந்தன. உளவாளிகளுக்கு வெல்ராட் என்று ஒரு பிஸ்டல் இருந்தது. கைப்பிடியைக் கழற்றினால் சைக்கிள் பம்பு என்றே நினைப்பீர்கள். செய்தவர் பெயரோ ஊரோ எதுவும் அதில் பொறிக்கவில்லை.

கேள்வி: என்.சி.சி.யில் நாங்கள் வைத்திருந்த .303 சிலவற்றில் முன்கட்டை முழுக்கச் செப்புக்கம்பி சுற்றியிருந்தது. விரிசலுக்குப் போட்ட ஒட்டா? (வாசகர், காரைக்குடி)

விரிசல் இல்லை. அது கையெறிகுண்டு ஏவுகிற ரைபிள். முனையில் ஒரு இரும்புக் கிண்ணத்தை மாட்டி, அதில் குண்டை வைத்து, தோட்டா முனை இல்லாத வெறும் மருந்துத் தோட்டாவால் ஏவுவார்கள். கையால் எறிவதைவிடப் பல மடங்கு தூரம் போகும். ஆனால் ரைபிளுக்கு அது பெரிய அடி. பேரல் வெடித்தாலும் மரமும் இரும்பும் சிதறிச் சுடுபவர் முகத்தில் பாயாமல் இருக்கத்தான் கம்பி. என் கையால் அந்தக் கம்பியைச் சுற்றிச் சால்டர் வைத்திருக்கிறேன். இறுக்கமாக, இடைவெளி இல்லாமல் சுற்ற வேண்டும். சுபேதார் சாப் நகத்தால் நெருடிப் பார்ப்பார்.

கேள்வி: போரில் தடை செய்யச் சொல்லி ஒரு நாடு கெஞ்சிய துப்பாக்கி உண்டா? (வாசகர், ஓசூர்)

கெஞ்சவில்லை, மிரட்டியது. 1918 செப்டம்பரில், அமெரிக்கர்கள் பதுங்குகுழிச் சண்டையில் ரவை சுடும் ஷாட்கன் வைத்திருப்பது போர் விதிகளுக்கு எதிரானது, அதோடு பிடிபடுபவர்களைக் கொன்றுவிடுவோம் என்று ஜெர்மனி அறிவித்தது. மூன்று வருடமாக விஷவாயு விட்டுக்கொண்டிருந்தவர்கள் சொன்னது இது. அமெரிக்கா ஏற்கவில்லை. இரண்டு மாதத்தில் போரே முடிந்துவிட்டது.

கேள்வி: நம்ம ஊர்ப் பக்கம் வித்தியாசமான போர் ஆயுதம் எதுவும் கிடையாதா? (வாசகர், காஞ்சிபுரம்)

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது புள்ளலூர். 1780 செப்டம்பர் 10-ஆம் தேதி அங்கேதான் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கும்பெனிப் படையை நொறுக்கினார்கள். துப்பாக்கி என்று சொல்ல முடியாது, ராக்கெட். அதற்கு முன்பும் ராக்கெட் இருந்தது, ஆனால் மைசூர்க்காரர்கள் மருந்தை இரும்புக் குழாயில் அடைத்தார்கள். அதனால் உள்ளே அழுத்தம் அதிகம் தாங்கியது, தூரமும் கூடியது. வால் மாதிரி நீள மூங்கில் கட்டியிருக்கும். பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்து வெடித்தது இந்த ராக்கெட்டால்தான் என்று சொல்வார்கள். பெய்லி பிடிபட்டு ஸ்ரீரங்கப்பட்டணச் சிறையிலேயே இறந்தார். அங்கே தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இந்தப் போரைப் பெரிய ஓவியமாகத் தீட்டியிருக்கிறார்கள். போனால் வெடிக்கிற வண்டியைத் தேடிப் பாருங்கள். 2018-இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் ஒரு பாழுங்கிணற்றுக்குள் இருந்து இப்படி ஆயிரத்துக்கு மேல் ராக்கெட் குழாய்கள் கிடைத்தன.

கேள்வி: வியட்நாமில் ஆஸ்திரேலியர்கள் நம்முடைய எஸ்.எல்.ஆரை வெட்டிக் குட்டையாக்கினார்களாமே, சரியா? (முன்னாள் ராணுவத்தினர், வேலூர்)

சரிதான் அண்ணே. அவர்களுடைய எஸ்.ஏ.எஸ். என்ற சிறப்புப் படை எல்-1ஏ1-இன் (அவர்கள் எஸ்.எல்.ஆர். ரைபிளுக்கு வைத்திருந்த பெயர்) பேரலைக் குறைத்து, தானியங்கியாக மாற்றி, முப்பது தோட்டா மேகசின் போட்டு, சில நேரம் அடியில் குண்டு ஏவும் குழலும் மாட்டிக்கொண்டது. நீங்களும் நானும் எஸ்.எல்.ஆர். சுட்டவர்கள், ஒவ்வொன்றாகச் சுட்டாலே தோள் பேசும். அதைக் குட்டைப் பேரலில் விடாமல் சுட்டால் மூன்றாவது குண்டு மரக்கிளைக்குத்தான் போகும். ஆனால் அவர்கள் குறி பார்க்கவே அதைச் செய்யவில்லை. ஐந்து பேர் காட்டுக்குள் போகிறார்கள், திடீரென்று எதிரியின் பெரிய கூட்டத்தில் முட்டிக்கொள்கிறார்கள். அந்த நொடியில் நெருப்பும் சத்தமுமாகக் கொட்டினால், எதிரே ஒரு பெரிய படையே இருக்கிறது என்று எதிரி தரையில் படுப்பான். அதற்குள் இவர்கள் நழுவிவிடலாம். அந்த ஒரு வேலைக்கு அது சரியான சாமான். டோனி ஸ்டைனின் ஸ்டிங்கரும் இப்படித்தான், வேறு எந்த வேலைக்கும் ஆகாது.

கேள்வி: எனக்குச் சொந்தமாக லேத் இருக்கிறது. ஆசைக்கு ஒன்று செய்து பார்க்க நீங்கள் வரைபடம் தருவீர்களா? (வாசகர், கோவை)

தரமாட்டேன். 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் செய்வது ஜெயில் சமாசாரம். பேரல் வெடித்துக் கை போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த கடிதம்.

கேள்வி: பெஷாவர் பக்கம் பட்டாளத்தில் இருந்த தாத்தாவின் டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் ஒரு பழைய ரைபிள் கிடைத்தது. கிரீடம், ‘வி.ஆர்.’, 1907 என்று பொறித்திருக்கிறது. விக்டோரியா மகாராணி காலத்ததா? (வாசகி, திருப்பத்தூர்)

மகாராணி 1901 ஜனவரியில் இறந்துவிட்டார். 1907-இல் செய்த அரசாங்கத் துப்பாக்கியில் மன்னர் எட்வர்டின் ‘ஈ.ஆர்.’ இருக்க வேண்டும். ஆகவே இது கைபர் கணவாய்ப் பக்கத்துப் பட்டறைகளில் கையால் செய்த நகலாகத்தான் இருக்கும். தர்ரா ஆதம் கேல் போன்ற ஊர்களில் அசல் ரைபிளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அரமும் உளியும் கொண்டு அதே மாதிரி செய்துவிடுவார்கள். முத்திரையையும் பார்த்துத்தான் செதுக்குவார்கள். ஆங்கிலம் படிக்கத் தெரியாததால் எழுத்து தலைகீழாக நிற்கும், வருடம் மகாராணியோடு ஒத்துப்போகாது. கைவேலை பார்க்க அழகு. கிடைத்த இரும்பில் செய்தது என்பதால் பேரல் எதைத் தாங்கும் என்று செய்தவருக்கே தெரியாது.

உங்களிடம் உரிமம் இல்லை என்று கடிதத்திலிருந்து புரிகிறது. உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பார்க்கக்கூட விசையையோ போல்ட்டையோ தொடாதீர்கள். பிள்ளைகளை அந்த அறைக்குள் விடாதீர்கள். காவல் நிலையத்துக்கு அதைத் தூக்கிக்கொண்டு நீங்கள் போக வேண்டாம். போன் செய்து அவர்களை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், ஒப்படைத்ததற்கு எழுத்தில் ரசீதும் வாங்கிக்கொள்ளுங்கள்.